கதை தரும் கல்வி

பருத்திப் பனியன் ஒன்று உருவாவதற்கு எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து வரும் நூலைப் பின்னல் எந்திரத்தில் ஏற்றித் துணியாக்குவோர் சிலர். அத்துணியைச் சாயப்பட்டறையில் வெளுத்து வண்ணம் ஏற்றுவோர் சிலர். மேசையில் விரித்து அளவு பார்த்து வெட்டுவோர் சிலர். ஓவர்லாக் எந்திரத்தின்முன் அமர்ந்து தைப்போர் சிலர். தைத்த துணியின் பிசிறு வெட்டுவோரும், குறை கண்டு ஒதுக்குவோரும், இஸ்திரி போடுவோரும், மடித்துப் பெட்டியில் அடுக்குவோரும் இன்னும் பலர். திருப்பூர் நகரின் பல பகுதிகளில் இவ்வுழைப்பு இடையறாது நடைபெறுகிறது. ராயபுரமும் அந்நகரைச் சேர்ந்த ஒரு பகுதியே.

இவ்வாறு உருவான ஆடை கடல் கடந்து தொலைநாட்டுக் கடையொன்றில் தொங்குகிறது. அதன் கழுத்துப் பட்டையில் அளவும், துணியின் வகையும், செய்த நாட்டின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதைத் தைத்தவர் யார், அன்று அவர் மனநிலை எத்தகையது, வீட்டில் அவருக்காகக் காத்திருந்தவர் யாவர் என்பவற்றைப் பற்றி அப்பட்டை ஒன்றும் கூறாது. தொலைவில் இருப்போர் அறியாமை ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த தெருவில் வாழும் மாணவனுக்கேனும் இவை தெரியுமா? நாள்தோறும் காண்பதனாலேயே ஒன்றை அறிந்துவிட்டதாக மனிதர் எண்ணிக்கொள்கிறார்கள். கண்டது வேறு, அறிந்தது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க உதவும் பாலங்களுள் ஒன்றே கதை.

‘கதை படிப்பது வீண்வேலை’ என்று கூறுவோர் உண்டு. ‘நடவாத ஒன்றை நடந்ததாக எழுதியதைப் படிப்பதனால் வரும் பயன் என்ன? அந்நேரத்தில் பாடம் படித்தால் மதிப்பெண் கூடும். வேலை செய்தால் கூலி கூடும்’ என்பது அவர்கள் வாதம். தைக்கும் உருப்படிக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளர் மிகுந்த ஊரில், ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்பது ஒவ்வொரு வீட்டிற்கும் தெரியும். ஆதலின் அவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் தகாது; தக்க விடை கூறுதலே முறை.

முதற்கண், புனைவு வேறு, பொய் வேறு என்பதை உணர்தல் வேண்டும். பொய் சொல்பவன் தன் சொல்லை மெய் என்று பிறர் நம்பவேண்டும் என விரும்புகிறான். நம்பினால் அவனுக்கு ஆதாயம் உண்டு. கதை எழுதுபவரோ, ‘இது கதை’ என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார். அவர் படைக்கும் மாந்தர் உலகில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் அம்மாந்தரின் ஆசையும் அச்சமும், பொறாமையும் பரிவும் உலகத்தார் அனைவர்க்கும் உரியவை. நிகழ்ச்சி கற்பனை; உள்ளத்தின் இயல்பு உண்மை. நல்ல கதை இவ்விரண்டையும் பிணைத்துத் தருகிறது.

கதை கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் உரைநடையில் நெடுங்கதை எழுதும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோன்றியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதனையே தமிழின் முதற்புதினம் என்பர். அதன்பின் இராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ முதலியவை தோன்றின. அரசரையும் தெய்வங்களையும் பற்றிய கதைகளையே பெரிதும் கேட்டுப் பழகிய மக்கள், தம்மைப் போன்ற எளியோர் வாழ்வும் கதைக்குரிய பொருளே என்பதை இந்நூல்களால் உணர்ந்தனர்.

கொங்கு நாட்டு உழவர் வாழ்வைப் புதினமாக்கியவருள் முன்னோடி ஆர். சண்முகசுந்தரம் ஆவார். அவர் 1917-இல் கீரனூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய ‘நாகம்மாள்’ 1942-இல் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அளவே. வட்டாரப் புதினங்களைப் பற்றிப் பேசுவோர் இந்நூலை முதன்மையாகக் குறிப்பிடுவது வழக்கம். காட்டிலும் மேட்டிலும் உழவர் பேசிய கொங்குத் தமிழ் இந்நூலில் உரையாடலாக இடம்பெற்றது. தம் வீட்டுப் பேச்சு அச்சேறத் தகுதியற்றது என்று நாணிய மாணவருக்கு, அதுவும் இலக்கியத்திற்கு உரிய மொழியே என்னும் துணிவை இத்தகைய நூல்கள் தருகின்றன.

நாகம்மாள் கணவனை இழந்த இளம்பெண். கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்கிறாள். தன் கணவனுக்கு உரிய பங்கு நிலத்தைப் பிரித்துத் தரவேண்டும் என்று அவள் கேட்கிறாள். சின்னப்பனோ கடுமையாக உழைப்பவன், அமைதியை விரும்புபவன். தங்கள் பகைக்கு நாகம்மாளைக் கருவியாக்கிக்கொள்ள ஊரில் சிலர் முயல்கின்றனர். சொல் தடிக்கிறது, பூசல் முற்றுகிறது, முடிவில் சின்னப்பன் உயிரிழக்கிறான்.

இக்கதையில் குற்றம் யாருடையது? ஊர்ப் பேச்சில் இவ்வினாவிற்கு ஒரு நொடியில் விடை கிடைத்துவிடும். ‘அடங்காத பெண்ணால் குடி கெட்டது’ என்பார் சிலர். ‘பங்கு கொடாதவனால் கெட்டது’ என்பார் வேறு சிலர். கதையைப் படிப்பவருக்கு அத்துணை எளிதில் விடை கிடைப்பதில்லை. நாகம்மாளின் கோரிக்கையில் நியாயம் இருப்பது தெரிகிறது. சின்னப்பனின் நல்லியல்பும் தெரிகிறது. நியாயமான ஒன்றைத் தகாதவர் துணையோடு கேட்டால் விளைவு என்னாகும் என்பதும், கேட்கும்போதே செவிசாய்க்காத நியாயம் பின்னர் எவ்வடிவில் திரும்பிவரும் என்பதும் தெரிகின்றன. இரு பக்கத்தையும் ஒருங்கே மனத்தில் தாங்கிக்கொண்டு, தீர்ப்பைச் சற்றே தள்ளிவைக்கும் பொறுமை, இளைஞர் கதைகளிலிருந்து கற்கத்தக்க முதற்பாடமாகும். நண்பனோடு பிணக்கு நேரும்போதும் வீட்டில் பெரியோர் பூசலிடும்போதும் இப்பொறுமை பயன்படும்.

இரண்டாவது பாடம், காலத்தைப் பற்றியது. இளமையில் இன்று செய்வதன் பயன் இன்றே தெரியவேண்டும் என்று மனம் விரைகிறது. ஒரு செயலின் முழு விளைவோ பல ஆண்டு கழித்தே புலப்படும். அத்தனை ஆண்டும் காத்திருந்து கற்பதற்குள் இளமை கழிந்துவிடும். கதையோ அந்நெடுங்காலத்தைச் சில நாள் வாசிப்பில் அடக்கிக் காட்டவல்லது.

எம். கோபாலகிருஷ்ணன் எழுதிய ‘மணல் கடிகை’ என்னும் புதினம் 2004-இல் வெளிவந்தது. பள்ளிப் பருவத்து நண்பர் ஐவர் திருப்பூரின் பனியன் தொழிலுக்குள் புகுந்து வளர்வதையும் தாழ்வதையும் அது விரித்துரைக்கிறது. மணல் கடிகை என்பது மேற்கண்ணாடியிலிருந்து கீழ்க்கண்ணாடிக்கு மணல் ஒழுகுவதால் நேரம் காட்டும் கருவி. மணல் விழுவதை யாரும் நிறுத்த முடியாது. பின்னலாடை ஏற்றுமதி பெருகிய காலத்தில், சிறிய முதலோடு தொடங்கியோர் பெருஞ்செல்வர் ஆனதுண்டு. ஒரே ஆண்டில் அனைத்தையும் இழந்தோரும் உண்டு. ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் பின்னாளில் வேறு வேறு மனிதர் ஆகின்றனர். பணம் வந்தபின் நட்பு என்னாகிறது, குடும்பம் என்னாகிறது, மனச்சான்று என்னாகிறது என்பனவற்றை அறிவுரை வடிவில் கேட்டால் இளைஞர் செவி மூடிக்கொள்ளும். கதையில் அவற்றைப் படிக்கும்போது தாமே எண்ணிப் பார்க்கின்றனர். பிறர் சொல்லி ஏற்பதைவிடத் தாமே எண்ணிக் கண்ட உண்மை நெஞ்சில் நிலைக்கும் அன்றோ?

மூன்றாவது பாடம், கண்ணில் படாதவரைக் காணுதல். இதற்கு நொய்யலாற்றின் வரலாறே தக்க சான்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. பின்னலாடைத் தொழில் வளர வளரச் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்குப் பெருமளவு உப்பு வேண்டும். துணி சாயத்தை ஏற்றுக்கொள்ளும். உப்போ நீரிலேயே தங்கிவிடும். அக்கழிவுநீர் நெடுங்காலம் போதிய தூய்மை செய்யப்படாமல் ஆற்றில் கலந்தது. பாசனத்திற்காக 1992-இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீரே தேங்கியது. கீழ்ப்பகுதி உழவரின் கிணறுகளும் உவர்த்தன, பயிரும் கெட்டது.

இந்நிலையைப் பொருளாகக் கொண்டு, திருப்பூரில் வாழும் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ என்னும் புதினத்தை 1998-இல் வெளியிட்டார். நீரில் கலந்த உப்பின் அளவைக் கருவிகொண்டு கணக்கிடலாம்; அக்கணக்கும் இன்றியமையாததே. ஆனால் அந்நீரருகே வாழ்வது எத்தகையது என்பதை எக்கருவியும் அளந்து காட்டாது. அதனைச் சொல்வதற்குக் கதை வேண்டியிருந்தது. வண்ணத்தால் நெய்த அழகிய திரைக்குப் பின்னால் மறைந்திருந்தவற்றை அந்நூல் பேசிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. ஆற்றைக் காக்கும் முயற்சியில் முன்நின்றவர் உழவர்கள். அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. கழிவுநீரை ஒரு துளியும் வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டபோது அவற்றை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். உழவரின் துயர் ஒருபுறம். தொழிலாளரின் துயர் ஒருபுறம். கதை, சட்டம் இயற்றுவதில்லை; ஆற்றைத் தூய்மை செய்வதுமில்லை. ஆயினும், கரையில் இருப்பவரும் பட்டறையில் இருப்பவரும் மனிதரே என்பதை நினைவில் நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்நினைவு இல்லாத இடத்தில் சட்டமும் கண்ணில்லாத கருவியாகிவிடும்.

தேயிலையின் கதையும் இத்தகையதே. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், அங்கு உழைத்த மக்களின் பழைய அவலங்களைக் கேட்டறிந்து ஆங்கிலத்தில் ஒரு புதினம் எழுதி 1969-இல் வெளியிட்டார். அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ என்னும் புதினத்தில் எழுதினார். உண்ணும் உப்பிலும், பருகும் தேநீரிலும், உடுத்தும் உடையிலும் பிறர் உழைப்புக் கலந்திருப்பதை இந்நூல்கள் உணர்த்துகின்றன.

எனினும், ஆசிரியர் உணர்த்த விரும்பியதைப் படிப்போர் முழுதும் பெற்றுவிடுவர் என்பதற்கு உறுதியில்லை. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்ளேர், சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்தோர் படும் துன்பத்தை ஒரு புதினமாக எழுதினார். அது 1906-இல் நூலாக வந்தது. படித்த மக்கள் திடுக்கிட்டனர். அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைக்கும் உணவுத் தூய்மைக்கும் சட்டங்கள் பிறந்தன. ஆனால் மக்களைப் பெரிதும் அசைத்தது, தாம் உண்ணும் உணவு தூய்மையற்றது என்னும் அச்சமே. தொழிலாளரின் துன்பம் அத்துணை விரைவாகத் தீரவில்லை. தனக்கு வரும் தீங்கை மட்டும் கதையில் தேடுபவன் பாதி நூலையே படித்தவன் ஆவான். பிறர்க்கு நேர்ந்ததையும் கண்டவனே முழுநூலையும் படித்தவன்.

கதை படித்தால் பிறர் மனம் அறியும் ஆற்றல் வளருமா என்பதை அறிவியல் முறையிலும் சிலர் ஆராய்ந்துள்ளனர். நியூயார்க் நகரத்து ஆய்வாளர் இருவர், இலக்கியத் தரமுள்ள கதையைச் சிறிது நேரம் படித்தவர்கள் பிறர் உணர்ச்சியை அறியும் சோதனையில் மேம்பட்டதாக 2013-இல் எழுதினர். அச்செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் வேறு ஆய்வாளர் அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே பயன் கிட்டவில்லை. ஒரு கதையைச் சில நிமிடம் படித்தவுடன் மனம் விரிந்துவிடும் என்று எதிர்பார்த்தல், ஒரு நாள் உடற்பயிற்சி செய்து உடல் உரம்பெறும் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது. கதையின் பயன் மாத்திரையின் பயன் போன்றதன்று. நாள்தோறும் உண்ணும் உணவின் பயன் போன்றது.

ஆதலின், கதையைப் படிக்கும் முறையையும் கற்றல் வேண்டும். கற்பனை எது, வரலாறு எது எனப் பிரித்தறிதல் முதல் முறை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், அக்கொலையோடு தொடர்புடையோரின் நிலங்கள் பறிக்கப்பட்டதும் உடையார்குடிக் கல்வெட்டால் அறியப்படும் செய்திகள். நந்தினியோ ஆசிரியர் கல்கியின் கற்பனை. கதையில் கண்ட நந்தினியைச் சோழ வரலாற்றில் தேடுபவன் ஏமாறுவான். கதையால் ஆர்வம் பெற்றுக் கல்வெட்டை நாடுபவனோ இரட்டைப் பயன் அடைவான்.

ஒரு கதையைக் கொண்டு ஓர் ஊரையோ ஒரு தொழிலையோ முழுதும் அறிந்துவிட்டதாகக் கருதாமை இரண்டாவது முறை. ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு சாளரத்தின் வழியே உலகைக் காட்டுகிறார். சாளரம் எத்துணைப் பெரிதாயினும் அது சுவர் முழுவதும் ஆகாது. திருப்பூரில் இன்று தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் உழைக்கின்றனர். அவர்கள் மொழி வேறு; உணவு வேறு; ஊர் ஏக்கம் ஒன்றே. அவர்களுடைய கதையை எந்நூலில் காணலாம் என்று வினவும் மாணவன், நூல் கூறாதவற்றையும் கவனிக்கக் கற்றவன் ஆவான்.

கதாநாயகனின் வெற்றியிலேயே மயங்கி, தன் வாழ்வை மறந்து கனவில் மிதவாமை மூன்றாவது முறை. தன் கடமையினின்று ஓடி ஒளிவதற்குக் கதையைப் புகலிடமாகக் கொள்பவனுக்கு அது போதைப்பொருள் ஆகும். படித்தபின் அண்டை வீட்டாரை முன்னிலும் கூர்ந்து நோக்கவும், அன்போடு பேசவும் ஒருவனை அது தூண்டுமாயின், அதுவே நற்கதை. இவ்வளவுகோலை நினைவிற் கொண்டால் எந்நூலைத் தேர்ந்தெடுப்பது என்னும் ஐயமும் எளிதில் நீங்கும்.

கதை வாசிப்பினால் மொழியறிவும் வளர்கிறது. இலக்கண நூல் சொல்லின் அமைப்பைக் கற்பிக்கும். அகராதி அதன் பொருளைக் கூறும். அச்சொல்லை எந்நேரத்தில், யாரிடம், எவ்வாறு பயன்படுத்துவது என்பதைக் கதையே காட்டும். சினமுற்றவன் பேச்சும், சினத்தை அடக்கியவன் பேச்சும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை அறிந்தவன் பேசவும் அறிவான். வாளா இருக்கவும் அறிவான்.

நூல் வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை என்பது மெய். அதனாலன்றோ நாட்டில் பொது நூலகங்கள் நிறுவப்பட்டன! 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக எழுந்த நூலகங்களில் செல்வனும் ஏழையும் ஒரே நூலை ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம். திருப்பூரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழாவும் நடைபெறுகிறது. ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் நூலகத்தில் செலவிடும் மாணவன், ஒரு மணி நேரத்தை இழந்தவன் அல்லன். பிறர் பல ஆண்டு வாழ்ந்து பெற்ற பட்டறிவில் ஒரு பகுதியை அவன் தனதாக்கிக்கொள்கிறான்.

நாளை இம்மாணவருள் சிலர் தொழிலதிபர் ஆகலாம். சிலர் தொழிலாளர் ஆகலாம். சிலர் அரசு அலுவலர் ஆகலாம். ஊதியத்தை வரையறுப்பதும், கழிவுநீர் செல்லும் வழியை முடிவு செய்வதும், பங்கு கேட்டு வந்தவரின் மனுவைப் படிப்பதும் அவர்கள் கையில் இருக்கும். அந்நேரத்தில் அவர்கள் முன்னே இருப்பவை தாளும் எண்களும் மட்டுமே. அவ்வெண்களுக்குப் பின்னால் ஒரு நாகம்மாளும் ஒரு சின்னப்பனும் இருக்கக்கூடும் என்பதை அறிவதற்கு, இளமையிற் படித்த கதை துணைசெய்யும். பிறர் நோயைத் தன் நோயாகக் காணும் அறிவே அறிவு என்பது தமிழ்ச் சான்றோர் கொள்கை. அவ்வறிவுக்குப் பள்ளிப் பருவத்திலேயே வித்திடும் நல்ல கதைகளை இளைஞர் தேடிக் கற்பாராக.